ஓடும் தறி ஒன்று

பண்டிகை வருகிறது என்றால் மற்றவர்களுக்கு எண்ணெய்க் குளியலும் பலகாரமும் நினைவுக்கு வரும். எனக்குத் தாலுகா ஆபீஸ் நினைவுக்கு வரும். எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு நாளிதழின் வேலூர்ப் பதிப்புக்கு ஆரணியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். முழுநேர வேலை இல்லை. யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு வேலை, அவ்வளவுதான்.

எங்கள் தெரு முழுக்கப் பட்டு நெசவு. எங்கள் வீட்டில் ஒரு தறி. அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்கு இரண்டு பிள்ளைகள்: தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத அக்கா, தறியில் உட்காரவே வராத நான். உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரைக்கு ஊடு நூல் சுற்றிய நாடாவைக் கொடுப்பார். நைனா உடலுக்கு, அக்கா கரைக்கு. சில நாள் இடம் மாறிக்கொள்வார்கள். என்னை ஒருமுறை கரைக்கு உட்கார வைத்துப் பார்த்த நைனா, "கரை இன்னாடா மாட்டு மூத்திரம் மாதிரி வளைஞ்சிகினு போவுது" என்று சொல்லி எழுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் பத்திரிகையாளன் ஆனேன்.

செய்தி ஆசிரியர் வேலூரில் இருந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்கு டிரங்க் கால் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்வார். நான் ஓடி வந்து ரிசீவரை எடுப்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டிருக்கும். ஒரு பொங்கலுக்கு முன்பு அவர் சொன்னது என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

"எல்லா ஊர்லயும்தான்யா பொங்கல் பொங்குது. உங்க ஊர்ல எவ்ளோ பொங்குதுன்னு எழுது. சர்க்கார் கணக்கு வேணும். வெறும் பக்தியப் போட்டு பக்கத்த ரொப்பாத."

அன்றிலிருந்து பண்டிகைச் செய்தி எழுதுவதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் புள்ளிவிவரப் பிரிவு என்ற அறைக்குப் போய் நிற்பது என் வழக்கம் ஆனது. நான் கணக்கில் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் வகுக்கத் தெரியும். ஒரு எண் கையில் கிடைத்தால் அதை இன்னொன்றால் வகுக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த மாட்டுப் பொங்கலுக்குக் கால்நடைக் கணக்கை வாங்கி மக்கள்தொகையால் வகுத்து, தாலுகாவில் ஆளுக்கு ஒரு மாட்டில் எவ்வளவு பங்கு என்று எழுதினேன். மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர்கள் கடைத்தெருவில் என்னை மறித்துக்கொண்டார்கள். "நல்ல நாளும் அதுவுமா மாட்டக் கூறு போட்டு எழுதிகிறியே, நீ கசாப்புக் கடைக்காரனா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்கும் கோபம்தான். சர்க்கார் எண்ணியது, நான் வகுத்தேன், இதில் கத்தி எங்கே வந்தது?

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கேழ்வரகு விளையும் நிலப்பரப்பைக் கேட்டு வாங்கி எழுதினேன். இப்படியே போனால் அம்மனுக்குக் கூழ் கிடைக்குமா என்று முடித்திருந்தேன். கோயில் பெண்களுக்கு ரோஷம் வந்து, அந்த ஆண்டு கூழ் அண்டா அண்டாவாகக் கொதித்தது. தெருவில் என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் நிறுத்தி ஒரு சொம்பு குடிக்க வைத்தார்கள். "பாத்துக்க. கூழ் கீதா இல்லியா?" வயிறு புடைத்து வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள்தான் எழுந்தேன்.

இந்தப் போக்குவரத்தில்தான் அந்த எழுத்தரோடு பழக்கம். புள்ளிவிவரப் பிரிவில் கணக்குகளைக் கூட்டி அட்டவணை போடுகிற இளைஞர். சேவூர்க்காரர், எங்கள் ஜனம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பொத்தான் எல்லாம் போட்ட சட்டை. நான் முதலில் அவரைப் பார்த்தது ஒரு மழைக்கு மறுநாள் காலை. தாலுகா ஆபீஸ் மைதானத்தில் மழைமானிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். கணுக்கால் வரை தண்ணீர். என் வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவருடைய பேண்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது.

"நேத்து எவ்ளோ மழைங்க?" என்று கேட்டேன்.

"மழை பதிவாகலீங்க."

நான் கீழே பார்த்தேன். ஒரு தவளை எங்கள் இருவருக்கும் நடுவில் நீந்திக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான்: வாட்ச்மேன் வீட்டம்மா துவைத்த ஜமக்காளத்தை மழைமானிமேல் காயப் போட்டுவிட்டு மறந்துபோயிருக்கிறாள். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

"ஊரே மெதந்துகினு கீதுங்களே. குத்துமதிப்பா ஒண்ணு போட்டுக்கலாமே?"

"நான் பாக்காதத எழுத மாட்டேங்க" என்றார். சொல்லிவிட்டு ஜமக்காளத்தை எடுத்து, பிழிந்து, மடித்து வாட்ச்மேன் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார். பிழிந்த தண்ணீரையாவது அளந்திருக்கலாம்.

இதை வீட்டில் சொன்னபோது அக்கா தறியிலிருந்து சிரித்தாள். சிரித்ததில் நாடா கீழே விழுந்தது. அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சிலர். ஒருவர் ஜாதகம் என்றார், ஒருவர் நிறம் என்றார், ஒருவர் ஒன்றும் சொல்லவே இல்லை. அக்கா எதுவும் காட்டிக்கொள்ள மாட்டாள். வந்தவர்கள் போன மறுநாள் மட்டும் தறிச் சத்தம் கொஞ்சம் வேகமாகக் கேட்கும். அதற்குப் பிறகு நான் தாலுகா ஆபீஸ் போய்விட்டு வரும்போதெல்லாம், "மழ இல்லன்னாரே, அவரு இன்னிக்கி இன்னா இல்லன்னாரு?" என்று கேட்பாள். நானும் தினமும் ஏதாவது கொண்டுவந்து கொடுப்பேன். இல்லாத நாளில் கொஞ்சம் சேர்த்தும் கொடுப்பேன்.

நைனா காதிலும் விழுந்தது. சேவூரில் விசாரித்தார், ஜாதகம் பொருந்தியது, பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு சர்க்கார் ஆபீசில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் காகிதம் எதைப் பார்த்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடுவார் என்று சேவூரில் கேலி பேசுவார்கள். அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பெரியவர் மகனைப் பார்த்து, "இன்னாடா, புடிச்சிருக்கா?" என்றார்.

மாப்பிள்ளை யோசித்தார். "ஒருக்காதான நைனா பாத்தேன். இன்னொருக்கா பாத்தா சரியா சொல்லுவேன்."

எங்கள் நைனாவின் முகம் தொங்கிப் போனது. அடுத்த நிமிடம் யாரும் கூப்பிடாமலே அக்கா இன்னொரு தம்ளர் காபியோடு வந்து அவர் எதிரில் நின்றாள். அவசரப்படாமல் நின்றாள். அவரும் அவசரப்படாமல் பார்த்தார்.

"இப்போ சொல்லலாம்" என்றார் மாப்பிள்ளை. "புடிச்சிருக்கு."

ஐப்பசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அக்காவுக்கு அவர்மேல் ஆசை வந்துவிட்டது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். இரண்டு தம்ளரையும் அவளே கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள்.

இந்த இடத்தில்தான் ஆயுத பூஜை வந்து சேர்ந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் தறியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நாடாவை எடுத்துப் பலகையில் பூப்போட்டு வைப்பார்கள். மறுபூஜை ஆகும்வரை தறியில் யாரும் கை வைக்கக்கூடாது. குழந்தை தொட்டால்கூட ஒன்று விழும். முந்தின ஆண்டு ஆயுத பூஜை அன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தறிக் கணக்கு எடுக்க வந்தார். தலையோ தறியோ, நம் நாட்டில் எதை எண்ணுவதென்றாலும் வாத்தியார்களைத்தான் அனுப்புவார்கள். அவருக்கும் லீவு நாள்தான் தோது. அந்த நாளில் ஒவ்வொரு வீட்டிலும் பொரியும் சுண்டலும் வேறு கொடுப்பார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வாய் நிறையச் சுண்டலோடு அவர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தறி ஓடுதா?"

பூஜை போட்ட தறியைப் பார்த்துக்கொண்டு ஓடுது என்று எவன் சொல்வான்? "ஓடலீங்க" என்று கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டுவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். தெரு முடிவதற்குள் அவர் பையும் நிறைந்தது, ஓடாத தறிக் கட்டமும் நிறைந்தது.

அந்தக் கணக்கை அட்டவணையாகக் கூட்டியது வேறு யார்? வருங்கால மாப்பிள்ளைதான். இந்த ஆண்டு ஆயுத பூஜைச் செய்திக்கு நான் போய்க் கேட்டபோது, அந்த அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். எங்கள் தெருவுக்கு நேராக 'ஓடுபவை' என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு தெருவே எவ்வளவு சுத்தமாக விரதம் காக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எங்கள் பக்திக்கு சர்க்காரே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது.

உட்கார்ந்து எழுதினேன். படிப்பவன் நகத்தைக் கடிக்க வேண்டும் என்று, விஷயத்தைக் கடைசிப் பத்திக்குத் தள்ளி வைத்தேன். முதலில் தெருவின் பெருமை, பிறகு பட்டின் பெருமை, பிறகு இப்படி: 'ஆனால் அரசின் கணக்குப்படி இந்தத் தெருவில் ஓடும் தறி ஒன்றுகூட இல்லை. ஏன் தெரியுமா?' அதற்கு அடுத்த பத்தியில் ஆயுத பூஜை, சந்தனம், மரபு, எல்லாம்.

வேலூரில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வந்ததாம். இடம் போதவில்லை. செய்தியை எப்போதும் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் 'ஆரணியில் ஓடாத தறிகள்' என்று தலைப்பு. கடைசி வரி, 'ஏன் தெரியுமா?' அதற்குக் கீழே அந்த ஜவுளிக்கடையின் ஆடி வராத தள்ளுபடி.

நான் எழுதியதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வெட்டியவன் வேலூரில் இருந்தான், வாங்கிக் கட்டிக்கொண்டவன் ஆரணியில் இருந்தேன். தெருவில் ஒவ்வொரு தறியாக நின்று, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து என்னைத் திட்டிவிட்டு மறுபடி உள்ளே போய் ஓட்டினார்கள். "ஏன் தெரியுமா" என்பது எனக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. டீக்கடையில் டீ கேட்டால்கூட, "ஏன் தெரியுமா வந்துகீறாரு, டீ போடு" என்பார்கள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். மூன்றாம் நாள் சேவூரிலிருந்து ஆள் வந்தது. நிச்சயதார்த்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமாம்.

தள்ளிப் போடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நைனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா எனக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டுக் குழம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் ஊற்றினாள். நான் தரையிலிருந்து தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டேன். அந்த வேகமான தறிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. எனக்குப் பயமாக இருந்தது. இந்த வரன் போனால் அக்கா இனிமேல் சிரிக்கவே மாட்டாள் என்று தோன்றியது.

சேவூருக்கு நானே டவுன் பஸ் ஏறிப் போனேன். பெரியவர் என்னை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். சட்டைப்பையில் அந்தச் செய்தியைக் கத்தரித்து மடித்து வைத்திருந்தார்.

"ஆயுத பூஜைன்னா தறி ஓடாதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? நானும் நெய்யறவன் வூட்ல பொறந்தவன்தான். ஆனா சர்க்கார் கணக்குன்னு பேப்பர்ல வந்துட்ச்சே. பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு, ஓடாத தறி வூட்லயா பொண்ணு எடுக்கற, பொழப்பு இல்லாத குடும்பமான்னு கேக்கறான். ஒரே பேஜாரா கீது. நான் யார் யாருக்குன்னு போய் சொல்லிகினு இருக்கறது?"

"உங்க புள்ளதாங்க அந்த அட்டவணையே போட்டாரு. தப்புன்னு அவரு ஒரு வார்த்த சொல்லட்டுங்க."

மாப்பிள்ளை அங்கேதான் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. "வாத்தியாரு பாத்தத எழுதினாரு. அவரு எழுதினத நான் கூட்டினேன். கூட்டல்ல தப்பு இல்லீங்களே" என்றார். ஆத்திரத்தில் எனக்கு அந்த ஜமக்காளம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் தெரு சும்மா இருக்கவில்லை. பெரியவர்கள் சேர்ந்து தாலுகா ஆபீசுக்குப் போய், உயிரோடு ஓடுகிற தறிகளை சர்க்கார் சாகடித்துவிட்டது என்று மனு கொடுத்தார்கள். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, கூட்டினவனே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வரப்போகிறார் என்று தெரிந்ததும் அக்கா எனக்குக் குழம்பைத் தட்டிலேயே ஊற்றினாள்.

என்றைக்கு வருவார் என்று யாருக்கும் சொல்லவில்லை. அவர் வந்தது கார்த்திகை அமாவாசை அன்று. எந்தத் தறிக்காரன் அமாவாசை அன்று நெய்வான்? மாதம் முழுக்க உழைக்கிறவனுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு, சாமி கொடுத்த ஓய்வு. ஆனால் சர்க்கார் டயரியில் அமாவாசைக்குச் சிவப்பு மை கிடையாது. அவருடைய சுற்றுப்பயணத் திட்டத்தில் அது ஒரு சாதாரண நாள். தெரு ஆயுத பூஜையைப் போலவே அமைதியாக இருந்தது. தெருக்கோடியில் அவர் சைக்கிளை நிறுத்தியதை நான் பார்த்தேன். பின்னால் கேரியரிலிருந்து பெரியவர் இறங்கினார். விதி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார்கள். பெரியவர், "நான் சும்மா கூட வந்தேன்" என்று சொல்லிவிட்டு மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் அந்தக் காகிதத்தின் நுனி தெரிந்தது. மாப்பிள்ளை தறிக்குழிப் பக்கத்தில் வந்து நின்றார். பாவு ஏற்றியிருந்தது, பாதிச் சேலை நெய்து சுருட்டியிருந்தது. எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்தது.

"ஐயா, இது உங்க வீட்டுத் தறிங்களா?"

போன தடவை மாமா என்றவர். அக்கா அடுக்களை வாசலில் நின்று இதைக் கேட்டாள். அவள் உதடு இறுகியது எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்க" என்றார் நைனா.

"ஓடுதுங்களா?"

"ஓடும்ங்க."

"இப்போ ஓடலீங்களே."

"இன்னிக்கி அமாவாசைங்க."

"தெரியுங்க. ஆனா இதுல ஓடுது, ஓடலன்னு ரெண்டு எடந்தாங்க இருக்கு. அமாவாசைக்கு எடம் இல்லீங்க." அவர் குரலே இறங்கிப் போயிருந்தது. எழுதவும் மனமில்லாமல், எழுதாமல் இருக்கவும் தெரியாமல் நின்றார்.

பெரியவருக்கே பொறுக்கவில்லை. "நேத்து ஓடிட்ச்சின்னு எழுதிக்கடா."

"நேத்து நான் பாக்கலியே நைனா."

"நாளைக்கு வாங்களேன்" என்றேன் நான்.

"நாளைலேர்ந்து தெள்ளார்ல டூட்டிங்க. இத இன்னிக்கி சாயந்திரம் கொடுத்துடணும்."

அக்கா அடுக்களையிலிருந்து பேசினாள். "ஒருக்கா ஓடினா போதுமா?"

அவர் திரும்பினார். "நான் பாக்கணுங்க. அவ்ளோதான்."

எல்லோரும் நைனாவைப் பார்த்தோம். நைனா தரையைப் பார்த்தார். "அமாவாச அன்னிக்கி தறில கை வெக்கறதா? எங்கப்பன் வெச்சதில்ல, அவங்கப்பனும் வெச்சதில்ல. ஒரு கணக்குக்காவ நான் வெக்க மாட்டேன்" என்றார். உரக்கச் சொல்லவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தார். நான் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கால்ல இன்னாவோ சேறு கீது" என்றார் நைனா. "கழுவிகினு வரேன்."

அன்று காலையிலிருந்து அவர் வாசல்படி தாண்டவில்லை. காலில் சேறு எங்கிருந்து வரும்? பின்கட்டுக்குப் போனார். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது.

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினாள். "டேய், கரைக்கு உக்காரு" என்றாள். நான் உட்கார்ந்தேன். மறுத்துப் பேசுகிற நிலையில் நான் இல்லை. அவள் மிதியை அழுத்தி நாடாவை விட்டு அச்சை இழுத்து அடித்தாள். அமாவாசை அமைதியில் அந்த ஒரு அடி தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்தடுத்து அடி விழுந்தது. நான் கரையில் நாடாவைக் கொடுத்தேன், வாங்கினேன், தப்பாகக் கொடுத்தேன். அது கிடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வாசல்கள் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்து, "இன்னா, காலண்டர் கிழிக்க மறந்துட்டீங்களா?" என்றார். மாப்பிள்ளையையும் அவர் கையில் இருந்த பேனாவையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது.

பேனா எழுதவில்லை. மாப்பிள்ளை அப்படியே நின்றிருந்தார்.

"எழுதேன்டா" என்றார் பெரியவர்.

"பாத்துகினு இருக்கேன் நைனா."

அக்கா நிமிரவில்லை. ஆனால் அவள் கையில் நாடா ஒரு முறை தவறியது. நான் பிறந்ததிலிருந்து அவள் கையில் நாடா தவறி இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் இந்த ஆள்தான்.

கடைசியில் அவர் எழுதினார். ஓடும் தறி, ஒன்று. எழுதியதைப் பெரியவரிடம் காட்டினார். அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. "எங்கள்தும் ஓடும்பா, எழுதிக்க" என்றார்கள். "ஓட்டிக் காட்டுங்க, எழுதிக்கறேன்" என்றார் மாப்பிள்ளை. "அமாவாசைங்களே" என்றார்கள். "அப்போ எழுத முடியாதுங்களே" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவனுக்கும் தைரியம் வரவில்லை. எங்கள் தெருவில் அந்த நாள் கை வைக்கத் துணிந்தது அக்கா ஒருத்திதான். மற்ற தறிகளெல்லாம் இரண்டாம் முறையும் ஓடாத தறிகள் என்றே சர்க்காருக்குப் போயின.

பெரியவர் அந்தக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். செருப்பை முன்பே கழற்றியிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த செய்தித் துண்டை எடுத்து நாலாகக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"தெருவுலயே ஓடற தறி ஒண்ணு. சர்க்கார் கணக்கு. அந்த வூட்டுப் பொண்ணுதான் எம்மருமவ. இனிமே எவனாவது கேக்கட்டும், சொல்றேன்."

ஆணி அடித்த அதே கணக்கு ஆணியைப் பிடுங்கியும் விட்டது. நைனா பின்கட்டிலிருந்து ஈரக் காலோடு வந்தார். எதிர்வீட்டுக்காரர், "இன்னா அண்ணே, அமாவாச அன்னிக்கி உங்க வூட்ல தறிச் சத்தம் கேட்ச்சே?" என்று சீண்டினார்.

"நான் பாக்கல" என்றார் நைனா. "பாக்காதத நான் எப்பிடி சொல்றது?"

மாப்பிள்ளை முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் பெரியவரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போனார். நான் கரையில் செய்துவைத்த கோணலை மறுநாள் அக்கா உட்கார்ந்து பிரித்து எடுத்தாள். பிரிக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

தையில் கல்யாணம் நடந்தது. அக்கா சேவூருக்குப் போனாள். போன பிறகுதான் வீட்டில் ஒரு விஷயம் உறைத்தது: கரைக்கு ஆள் இல்லை. நைனா ஆள் தேடினார். வந்தவர்கள் கை அவருக்குப் பிடிக்கவில்லை, என் கை எப்போதோ பிடிக்காமல் போயாகிவிட்டது. தறி நின்றது. தெருவில் மற்ற எல்லாத் தறிகளும் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன, சர்க்கார் அவற்றை ஓடாதவை என்று எழுதியிருந்தது. சர்க்கார் ஓடுவதாக எழுதியிருந்த ஒரே தறி ஓடாமல் கிடந்தது. காலையில் காபி குடித்துவிட்டு நைனா தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து எல்லா வீட்டுச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன், எனக்குத் தாங்காது.

அடுத்த ஆயுத பூஜை நெருங்கியதும் சைக்கிள் கடைக்கு டிரங்க் கால் வந்தது. "இந்த வருஷம் கணக்கு இன்னாய்யா?" என்றார் செய்தி ஆசிரியர். நான் சேவூருக்குப் போய் மாமாவிடம் கேட்டேன். இப்போது அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். புது அட்டவணையைச் சொன்னார். எங்கள் தெருவுக்கு நேராகக் கோடு போய், ஒன்று வந்திருந்தது.

"அது இப்போ ஓடல மாமா. நைனா சும்மாதான் உக்காந்துகினு கீறாரு" என்றேன்.

மாமா உண்மையாகவே கலங்கிப்போனார். அவர் பார்த்து எழுதியது ஒன்றே ஒன்று, அதுவும் பொய்யாகிக்கொண்டிருந்தது. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புடவை மாற்றிக்கொண்டு என்னோடு டவுன் பஸ் ஏறினாள்.

வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் நைனா, "இன்னாம்மா, ஜல்தியா வந்துகிற, சண்டையா?" என்று பயந்தார்.

"உங்க மருமவன் எழுதின கணக்கு பொய்யாவக்கூடாது, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் குழியில் இறங்கினாள். நைனாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். எழுபது வயது ஆள் போல உட்கார்ந்திருந்தவர் எழுந்து நாடாவைத் தேடினார்.

கரைக்கு நல்ல ஆள் ஒருவர் கிடைக்கும்வரை அக்கா அப்படி வந்துகொண்டிருந்தாள். மாமாவுக்கு லீவு கிடைக்கிற நாள்தான் அவளுக்கும் தோது, அவரும் கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அந்த நாள் அமாவாசையாக அமைந்துவிட்டால், அக்கா என்னைக் கரைக்கு உட்காரச் சொல்வாள், நைனா கால் கழுவப் பின்கட்டுக்குப் போய்விடுவார்.